தண்ணீரில் தெரியாத நஞ்சு மீனில் எப்படி வந்தது?

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலோடு சேரும் தெற்கு முகத்துவாரம் தமிழ்நாட்டில். ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம், அண்ணாமலைச்சேரி, தடா, சூலூர்பேட்டை என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்கள். ஆரணி ஆறும் காளங்கியும் சொர்ணமுகியும் வயல்களையும் ஊர்களையும் கடந்து வந்து இந்த ஏரியில் சேர்கின்றன. தெற்கே எண்ணூர்ப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வருகிறது. இப்படிப் பல ஊர்த் தண்ணீர் வந்து சேரும் இடத்தில் இருப்பவர்களுக்கு, அதில் என்னென்ன கலந்து வருகிறதோ என்ற கவலை இயல்புதான். யாராவது பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய்ச் சோதிப்பார்கள். அளவுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று முடிவு வரும். சரி, அப்படியானால் மீனும் நல்லதுதான் என்று நாம் நிம்மதி அடைந்துவிடுவோம்.

சில வகை நஞ்சுகளைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. தண்ணீரில் கருவிக்கே தட்டுப்படாத அளவு குறைவாக இருக்கும் ஒரு பொருள், அதே தண்ணீரில் வளரும் பெரிய மீனிலோ அந்த மீனைத் தின்னும் பறவையிலோ லட்சக்கணக்கான மடங்கு கூடுதலாக இருக்க முடியும். சோதித்தவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அவர் அளந்தது தண்ணீரை. நஞ்சு உயிர்களின் உடம்புக்குள் போய்விட்டது. இது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் பெருக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஏரிக்குள் யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் வெயிலைக் கொண்டு தங்கள் உணவைத் தாங்களே செய்துகொள்கின்றன. அவற்றைப் பொடி உயிரிகளும் இறால் குஞ்சுகளும் தின்கின்றன. இவற்றைச் சின்ன மீன்கள் தின்கின்றன. சின்ன மீனையும் இறாலையும் கொடுவா தின்கிறது. மீனைக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் செம்பருந்தும் தின்கின்றன. நாமும் தின்கிறோம். மடவை கொஞ்சம் வேறு மாதிரி. அது சேற்றின் மேல் படிந்த பாசியையும் மக்கலையும் மேய்வதால், உருவத்தில் பெரிதானாலும் உணவு வரிசையில் கீழ்ப்படியில்தான் நிற்கிறது. பெரிய மீன் எல்லாமே மேல்படி மீன் என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு எவ்வளவு பெரியது என்பதோடு, அது எதைத் தின்று வளர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

அடுத்து, உடம்புக்குள் வரும் வேண்டாத பொருள் எப்படி வெளியே போகிறது? பெரும்பாலும் தண்ணீரோடு. சிறுநீரகம் தண்ணீரில் கரைவதைத்தான் வெளியேற்றும். கரையாத பொருள் வந்தால் கல்லீரல் அதை உடைத்தோ, அதோடு வேறொன்றைச் சேர்த்தோ கரையும்படி மாற்றி அனுப்பப் பார்க்கும். கையில் பட்ட நெய்யை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், போகாது. சோப்பு வேண்டும். கல்லீரல் செய்வது ஏறக்குறைய அந்தச் சோப்பின் வேலை. டிடிடி (DDT) என்ற பூச்சிக்கொல்லி போன்ற பொருள்களிடம் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதன் மூலக்கூறில் இருக்கும் குளோரின் பிணைப்புகளை உடம்பின் நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது. வெளியே போக வழியில்லாமல், கொழுப்பில் கரைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அடுத்த வேளை உணவோடு இன்னும் கொஞ்சம் வரும். அதுவும் அங்கேயே சேரும்.

கொழுப்பில் கரையும் பொருள் உணவு வழியாக ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போவது நஞ்சுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. குளிர்காலத்தில் சூலூர்பேட்டைப் பக்கம் வந்து இறங்கும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது? அது அவை பிறக்கும்போதே கொண்டுவந்த நிறம் இல்லை. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். அலகைத் தலைகீழாக வைத்து அவை வடிகட்டித் தின்னும் பாசியிலும் சிறு உயிரிகளிலும் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிதான் இறகில் போய்ச் சேர்ந்து சிவக்கிறது. பாசி செய்த நிறம் பறவையின் இறகில் தெரிகிறது. இதே பாதையில்தான் நஞ்சும் போகிறது. நஞ்சுக்கு நிறம் இல்லாததால் நம் கண்ணில் படுவதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். 1960களில் அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டு கழிமுகத்தில் டிடிடி அளவுகளை ஆராய்ந்தார்கள். அதை ஒட்டிப் பள்ளிப் பாடப்புத்தகங்களில் ஒரு வரிசை வரும். தண்ணீரில் 0.000003 பிபிஎம். மிதவை உயிரிகளில் 0.04. சின்ன மீனில் 0.5. பெரிய மீனில் 2. மீன் தின்னும் பறவையில் 25. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்.

இந்த எண்களைப் படித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடாமல் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தண்ணீரில் இருக்கும் அந்த அளவில் ஒரு மில்லிகிராம் டிடிடி சேர வேண்டும் என்றால் 3,33,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். மீஞ்சூர்ச் சாலையில் ஓடுகிறதே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அந்தக் கணக்கில் சுமார் 28 லாரி. ஒரு கிலோ பறவை உடம்பில் இருப்பதோ 25 மில்லிகிராம். ஏறத்தாழ 700 லாரித் தண்ணீரில் பரவிக் கிடந்த டிடிடி ஒரு கிலோ உடம்பில் அடங்கியிருக்கிறது. 80 லட்சம் மடங்குக்கும் மேல்.

எந்தப் படியில் எவ்வளவு ஏறியது என்று பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. பெரிய மீனைப் பெரிய பறவை தின்னும் இடத்தில்தான் அதிகம் ஏறும் என்று பலரும் நினைப்பார்கள். அங்கே ஏறியது 12 மடங்கு சொச்சம். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு 4 மடங்கு. மிதவை உயிரியிலிருந்து சின்ன மீனுக்கு மறுபடி 12 மடங்கு. ஆனால் தண்ணீரிலிருந்து மிதவை உயிரிக்கு ஏறியதோ 13,000 மடங்கு! இந்த முதல் தாவலில் பெரும்பங்கு யாரும் யாரையும் தின்று நடப்பது இல்லை. டிடிடிக்குத் தண்ணீரில் இருக்கப் பிடிக்காது. தண்ணீரில் மிக மிகக் குறைவாகத்தான் கரையும், கொழுப்பிலோ தாராளமாகக் கரையும். ஆகவே கொழுப்புள்ள எந்தப் பரப்பு கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். பாசியின் செல்சவ்வில் கொழுப்பு உண்டு. அந்த உயிர் எவ்வளவு சின்னதோ அந்த அளவுக்கு எடையோடு ஒப்பிடுகையில் அதன் மேற்பரப்பு அதிகம். ஒரு ஏரி முழுக்க மிதக்கும் பாசிகளின் மேற்பரப்பைக் கூட்டினால் அது மாபெரும் விரிப்பு. தண்ணீரில் இருப்பதையெல்லாம் அது ஒற்றி எடுத்துவிடுகிறது. மீனின் செவுளிலும் இதேதான் நடக்கிறது. மூச்சுவிட நாள் முழுக்கத் தண்ணீரைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டே இருப்பதால், தின்னாமலேயே கொஞ்சம் நஞ்சு உள்ளே போகிறது.

அதற்கு மேல் நடப்பதுதான் வாய்க்கு வாய் ஏறும் கதை. தின்ற உணவெல்லாம் சதையாக மாறுவதில்லை. பெரும்பகுதி உயிர் வாழ்வதற்கும் நீந்துவதற்கும் எரிந்துபோகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேர்கிறது என்பது 1942இல் ரேமண்ட் லிண்டமன் முன்வைத்த கணக்கு. ஒரு கிலோ சின்ன மீன் வளர, தோராயமாகப் பத்துக் கிலோ பொடி உயிரிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துக் கிலோவில் இருந்த மாவும் கொழுப்பும் எரிந்து கரியமில வாயுவாக வெளியேறிவிடும். டிடிடி எரியாது. பத்துக் கிலோவில் இருந்தது முழுக்க ஒரு கிலோவுக்குள் வந்துவிடும். கணக்குக்காக, பொடி உயிரியில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் இருந்தால் சின்ன மீனில் 10, கொடுவாவில் 100, பறவையில் 1,000. நிஜத்தில் கொஞ்சம் வெளியே போகும், கொஞ்சம் குடலில் உறிஞ்சப்படாமலேயே கழியும். அதனால் ஏற்றம் இத்தனை ஒழுங்காக இருக்காது. ஆனால் திசை மாறாது. ஒரே உயிரின் வாழ்நாளில் நஞ்சு சேர்ந்துகொண்டே போவதை உயிரியல் திரட்சி என்றும், படிக்குப் படி செறிவு கூடுவதை உயிரியல் உருப்பெருக்கம் என்றும் சொல்கிறார்கள். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்பது கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

கலிபோர்னியாவில் கிளியர் ஏரி என்று ஒன்று இருக்கிறது. இந்த விஷயத்தை யாருக்காவது புரியவைக்க ஒரே ஒரு சம்பவம்தான் சொல்லலாம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். அங்கே கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சி மீன்பிடிக்க வருபவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. அதை ஒழிக்க 1949இல் டிடிடியின் நெருங்கிய உறவான, மீனுக்கு அதைவிடக் குறைவான கேடு என்று நம்பப்பட்ட DDD என்ற மருந்தை ஏரியில் கலந்தார்கள். 1954இலும் 1957இலும் மறுபடி கலந்தார்கள். அப்போதும் ஐந்து கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து என்ற கணக்கில்தான். எச்சரிக்கையான அளவு என்றே அன்றைக்குத் தோன்றியது. 1954க்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் ஏரியில் வாழ்ந்த முக்குளிப்பான் வகைப் பறவைகள் செத்து மிதக்கத் தொடங்கின. நோய்க்கிருமி எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ஒருவருக்குப் பறவையின் கொழுப்பைச் சோதிக்கத் தோன்றியது. 1,600 பிபிஎம் இருந்தது. தண்ணீரில் கலந்தது 0.02 பிபிஎம்.

அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. கடைசியாக மருந்து கலந்து சில காலத்திலேயே தண்ணீரைச் சோதித்தபோது மருந்தின் சுவடே இல்லை. ஏரி சுத்தமாகிவிட்டது என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்தும் மிதவை உயிரிகளில் 5 பிபிஎம் அளவு அது இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் பாசிகள் எத்தனையோ தலைமுறை பிறந்து மடிந்திருக்கும். ஒரு தலைமுறை செத்து விட்டுப்போன நஞ்சை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. ஆயிரம் ஜோடிக்கு மேல் இருந்த அந்தப் பறவைகள் 1960 வாக்கில் முப்பது ஜோடி அளவுக்குச் சுருங்கின.

கிளியர் ஏரியில் பறவைகள் நேரடியாகச் செத்தன. மற்ற பல இடங்களில் அது இன்னும் மெதுவாக நடந்தது. டிடிடி உடம்புக்குள் டிடிஈ (DDE) என்ற பொருளாக மாறும். அது பறவையின் முட்டை ஓட்டில் சுண்ணாம்பு சரியாகப் படிவதைத் தடுக்கும். ஓடு மெலியும். தாய் அடைகாக்க உட்காரும்போது முட்டை உடைந்துவிடும். பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்ததை டெரெக் ராட்கிளிஃப் 1967இல் எழுதினார். அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளோடு ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார். வயது வந்த பறவைகள் பறந்துகொண்டுதான் இருக்கும், பார்ப்பவருக்குக் குறை ஒன்றும் தெரியாது. குஞ்சுகள் மட்டும் வராது. அமெரிக்காவில் வெண்தலைக் கழுகுகள், அலாஸ்கா தவிர்த்த பகுதிகளில், 1963இல் 500 ஜோடிக்கும் கீழே போயின. 1972இல் டிடிடி அங்கே தடைசெய்யப்பட்டது. 2007இல் அவை கிட்டத்தட்ட 10,000 ஜோடி ஆகியிருந்தன.

டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது மலேரியாவிலிருந்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. இந்தியாவில் 1989இல் விவசாயத்துக்குத் தடை வந்தது, கொசு ஒழிப்பு போன்ற பொதுச் சுகாதார வேலைக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. தெற்கே கேரளத்தில், கொச்சியை அடுத்த ஏலூரில், பெரியாற்றங்கரையில் பல ஆண்டுகள் டிடிடி தயாரானது. இப்படி நீண்ட காலம் அழியாத கரிமப் பொருள்களைக் கட்டுப்படுத்த 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வந்தது. முதலில் 12 பொருள்கள் இருந்தன. 2011இல் எண்டோசல்ஃபானும் பட்டியலில் சேர்ந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்களே, அதே மருந்து.

இதுவரை சொன்னது கொழுப்பில் தங்கும் நஞ்சுகள். பாதரசம் வேறு வழியில் வருகிறது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையங்கள் நிலக்கரி எரிக்கின்றன. உலகில் எங்கே எடுத்தாலும் நிலக்கரியில் மிகச் சிறிதளவு பாதரசம் உண்டு. எரியும்போது புகையோடு மேலே போய், பிறகு மழையோடும் தூசியோடும் நிலத்திலும் நீரிலும் இறங்கும். அந்த வடிவத்தில் அது உணவு வரிசையில் பெரிதாக ஏறாது. அதை மாற்றுவது சேறு. ஏரியில் இறால் தடவும் பெண்களுக்கு அந்தச் சேற்றைத் தெரியும். மேலே சாம்பல் நிறம், காலை உள்ளே விட்டால் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றத்தை உண்டாக்குவது காற்றில்லாத சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியா. அந்த வகை பாக்டீரியாக்களில் பல பாதரசத்தை மெத்தில் பாதரசமாகவும் மாற்றிவிடுகின்றன. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். படிக்குப் படி ஏறும். மனித உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். ஆகவே வாரா வாரம் சாப்பிட்டால், போன வாரத்துச் சுமை போவதற்குள் இந்த வாரத்துச் சுமை வந்து சேரும்.

ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற நிறுவனம் 1932 முதல் 1968 வரை மெத்தில் பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் மீன் தின்ற பூனைகள் கால் தடுமாறி, வெறிபிடித்தாற்போல் ஆடி, கடலில் விழுந்து செத்தன. அப்புறம் மீனவக் குடும்பங்களில் கை கால் நடுக்கம், பார்வை சுருங்குதல், பேச்சுக் குழறல். 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிவு நிற்கவில்லை. பாதிப்பு பெரிதாகத் தெரியாத தாய்மாருக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போய்விடும் என்பதை உலகம் அறிந்துகொண்டது அந்தக் குழந்தைகள் வழியாகத்தான். கடலை நம்பி, தினம் மூன்று வேளையும் மீன் சாப்பிட்டவர்கள் மேல்தான் சுமை அதிகம் விழுந்தது. பழவேற்காடு போன்ற ஊர்கள் மினமாட்டாவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

எல்லா நஞ்சும் இப்படி ஏறுமா? ஏறாது. இங்கேதான் நிறைய குழப்பம் நடக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் கடுமையான பூச்சிக்கொல்லி. தவறுதலாகக் குடித்தால் உயிர் போகும். ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஒப்பிட்டால் விரைவில் சிதையும். அதனால் உணவு வரிசையில் டிடிடி போல ஏறாது. டிடிடியோ தொட்டால் உடனே ஆளைக் கொல்லாது. உடனே எவ்வளவு கொல்லும் என்பதும், எவ்வளவு காலம் தங்கும் என்பதும் வேறு வேறு குணங்கள். ஈயம் இன்னொரு வகை. அது உடம்பில் தங்கும், எலும்பில் பல ஆண்டுகள் கிடக்கும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆனால் பெரும்பாலும் மேல்படிக்குப் போகப் போகச் செறிவு கூடுவதில்லை. முன்னே சொன்னேனே, திரட்சி உண்டு, உருப்பெருக்கம் இல்லை.

பிணந்தின்னிக் கழுகுகளையும் இதே பட்டியலில் சேர்த்துப் பலர் பேசுகிறார்கள். அது வேறு விஷயம். அந்தக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்கு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்துதான் காரணம் என்று 2004இல் தெரிந்தது. 2006இல் கால்நடைக்கு அதைப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. அந்த மருந்து மாட்டின் உடம்பில் சில நாளில் போய்விடும், படிப்படியாக ஏறாது. மருந்து போட்ட சில நாளுக்குள் மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். ஒரு வேளை உணவே போதும். இரண்டும் உணவு வழியாக வரும் கேடுதான் என்றாலும், ஒன்றுக்கான தீர்வு இன்னொன்றுக்கு உதவாது. டைக்ளோஃபினாக்கை நிறுத்தினால் அடுத்த மாதமே உணவு சுத்தமாகிவிடும். டிடிடியை நிறுத்தினாலும் சேற்றில் இருப்பது பல ஆண்டுகள் இருக்கும்.

இந்த வரிசையின் உச்சியில் யார்? மனிதர் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நமக்கும் மேலே ஒரு படி இருக்கிறது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை. பாலில் கொழுப்பு உண்டு. தாயின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருப்பது பாலோடு இறங்கும். திமிங்கிலங்களிலும் ஓங்கில்களிலும் முதல் குட்டிக்குத்தான் பெரும் சுமை போகிறது, அடுத்தடுத்த குட்டிகளுக்குக் குறைகிறது. கனடாவின் வட கியூபெக்கில் தொழிற்சாலையே இல்லாத பனிப்பிரதேசத்தில் வாழும் இனுவிட் தாய்மாரின் பாலில், தெற்கே நகரங்களில் வாழும் தாய்மாரின் பாலில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு வரை பிசிபி (PCB) என்ற, கொழுப்பில் தங்கும் தொழிற்சாலை வேதிப்பொருள் இருந்தது 1980களின் இறுதியில் தெரியவந்தது. வெப்பமான நாடுகளில் ஆவியாகிக் காற்றோடு போகும் இந்தப் பொருள்கள் குளிர்ந்த இடத்தில் இறங்கி, கடல் நாய், திமிங்கிலம் வழியாக அவர்களிடம் வந்து சேர்ந்தன. அவர்கள் பயன்படுத்தாத பொருள் அது.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாய்ப்பாலின் பலன் இந்தச் சுமையைவிட மிகப் பெரியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம் இதையெல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொல்கிறது. குறைக்க வேண்டியது தாய்க்குப் போய்ச் சேரும் நஞ்சை.

அங்கேதான் சமையலறைக்கு வர வேண்டியிருக்கிறது. நம் கடற்கரை முழுக்கப் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுப்பது வழக்கம், பால் ஊறும் என்று. அம்மாவும் அத்தையும் பாட்டியும் அன்போடு செய்து தருவது. ஆனால் சுறா மீனைத் தின்று வளரும் மீன், பெரிய வகைகள் பல ஆண்டுகள் வாழ்பவை. பாதரசம் ஏறுவதற்கு இந்த இரண்டு குணமும் போதும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிடும் பட்டியலில் சுறா இருக்கிறது. சந்தையில் பால் சுறா என்று விற்பது சிறிய வகை, பெரிய சுறாவைவிட அதில் சுமை குறைவாக இருக்கும். என்றாலும், என் வீட்டுப் பெண்களுக்கு நான் நெத்திலியையும் மத்தியையும்தான் சொல்வேன். கேரளத்தில் சாளை என்பார்களே, அந்த மத்தி. இரண்டும் மிதவை உயிரிகளைத் தின்பவை, சில ஆண்டுகளே வாழ்பவை. புரதத்துக்கும் ஒமேகா-3 கொழுப்புக்கும் குறைவில்லை. நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். விலையும் கைக்கு எட்டும். மடவையும் இறாலும் கீழ்ப்படியில்தான். கொடுவாவும் வஞ்சிரமும் வாங்கினால் ஆளுயரத்தில் பெருமையாகத் தொங்குவதைவிட நடுத்தர அளவில் வாங்குவது நல்லது. ஒரே இனத்தில் பெரியது என்றால் வயதானது, வயதானது என்றால் கூடுதல் சுமை.

தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சமைத்தால் போதுமா என்று கேட்பார்கள். டிடிடி, பிசிபி போன்றவை ஓரளவு குறையும், அவை கொழுப்பில் இருப்பதால். பாதரசம் குறையாது, அது சதையில் இருப்பதால். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது போகாது.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊராகக் கேட்க வேண்டியவை. தண்ணீர் பாட்டிலோடு யாராவது வந்தால், சேற்றையும் மட்டியையும் கொடுவாவையும் சேர்த்து எடுங்கள் என்று கேளுங்கள். மட்டி இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராது, நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். அதன் சதையைச் சோதித்தால் அந்த இடத்தில் மாதக்கணக்கில் என்ன வந்தது என்று தெரிந்துவிடும். அமெரிக்கக் கடற்கரைகளில் 1970களிலிருந்தே சிப்பிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். கொடுவாவின் சதையில் பாதரசமும் கொழுப்பில் பூச்சிக்கொல்லிகளும் பார்க்க வேண்டும்.

சேற்றைப் பற்றி ஒரு விவரம், இங்கே அடிக்கடி எழும் தூர்வாரும் பேச்சுக்காக. இந்த நஞ்சுகள் மணலில் அதிகம் ஒட்டாது. களியும் மக்கலும் கலந்த நுண்சேற்றில்தான் ஒட்டும். முகத்துவாரத்தை அடைக்கும் மணல்மேட்டை அள்ளுவதும், கால்வாயிலும் கழிமுகத்திலும் பல ஆண்டுகளாகப் படிந்த கறுப்புச் சேற்றைக் கிளறுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வேலையில் அடியில் புதைந்து கிடந்தது மறுபடி தண்ணீருக்கு வரும், பாசி அதை ஒற்றி எடுக்கும். அதனால் அந்தச் சேற்றை அள்ளுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். அள்ளியதை இறால் குஞ்சு வளரும் ஓரங்களில் கொட்டக் கூடாது.